மாத்திரையை அல்ல, நாளை எண்ணுங்க: ஒற்றைத் தலைவலிக்காரர்களிடம் பார்த்தது

காவேரிப்பட்டணம், மருந்துக்கடை:
மாங்கூழ் ஆலை சீசனில் தினமும் கேட்கிற குரல், "அண்ணா, தலைவலிக்கு நாலு மாத்திரை." திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி, "இந்த மாசம் எத்தனை நாள் போட்டீங்க?" வெறும் பாராசிட்டமால் என்றால் மாதம் 15 நாள், ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள எர்கோட்டமின் அல்லது டிரிப்டான் வகை மருந்து, இல்லை காபீன் சேர்ந்த கூட்டு வலி மாத்திரை, இவற்றில் எதுவானாலும் 10 நாள். இந்த அளவு மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து, மாதத்தில் பாதி நாட்கள் தலை வலித்தால், வலியைக் கிளப்புவது அந்த மாத்திரையாகவே இருக்கலாம். ஒரே நாளில் இரண்டு போட்டாலும் கணக்கு ஒரு நாள்தான். காலண்டரில் வலித்த நாளுக்கு வட்டம், மாத்திரை போட்ட நாளுக்கு வட்டத்துக்குள் புள்ளி. மாசக் கடைசியில் புள்ளியை எண்ணினால் போதும். எர்கோட்டமின் சாப்பிடுகிறவர் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் சேர்த்து எடுக்கவே கூடாது. ரத்தக்குழாய் சுருங்கி விரல் மரத்து நீலம் பாரிக்கும்.

பாலக்கோடு, செவிலியர்:
அண்ணன் சொன்னது அளவு. நேரமும் அதே அளவு முக்கியம். பல்லைக் கடித்துப் பொறுத்துவிட்டுக் கடைசியில் போடுவதுதான் இங்கே வழக்கம். அதற்குள் இரைப்பை மந்தமாகிவிடும், மாத்திரை ரத்தத்தில் சேர நேரமாகும். வாந்தி எடுத்தால் வலி குறைவதால் பித்தம் என்கிறார்கள். உண்மையில் முகத்துக்கும் மூளை உறைக்கும் போகும் முப்பிரிவு நரம்பு, வலியைத் தூண்டும் சிஜிஆர்பி என்ற பொருளைச் சுரப்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதைக் கண்டறிந்த ஆய்வுக்காகத்தான் எட்வின்சன், கோட்ஸ்பி உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்களுக்கு 2021-இல் மூளை ஆய்வுக்கான மூளைப் பரிசு (Brain Prize) கிடைத்தது.
"சீப்பு பட்டாலே எரியுது, கம்மல்கூட கனக்குது" என்று ஒரு பெண் சொன்னால், வலி நரம்பைத் தாண்டி மூளைத்தண்டுவரை ஏறிவிட்டது என்று அர்த்தம். அந்தக் கட்டத்தில் டிரிப்டான் சரியாகக் கேட்காது. சீப்பு எரிவதற்கு முன்பே போட வேண்டும். முன்பே போட்டும் நாள் கூடுகிறதென்றால் வலி வராமலே தடுக்கும் தடுப்பு மருந்து கேளுங்க. அதில் ஒன்றான ‘ப்ரோப்ரனலால்’ மருந்து ஆஸ்துமாக்காரருக்கு ஆகாது, மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிடுங்க. தடுப்பு மருந்து வேலை செய்கிறதா என்று தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பத்து நாளில் "கேக்கல" என்று நிறுத்திவிடுவதுதான் அதிகம் நடக்கிறது.

அரூர், சித்தாள்களிடையே பணிபுரியும் சுகாதாரப் பணியாளர்:
அக்கா, வலியைக் கிளப்பும் காரணங்களில் தலைக்குக் குளிப்பதையும் சேர்த்துக்கோங்க. மும்பை மருத்துவர் ரவிசங்கர் 94 இந்திய நோயாளிகளிடம் இதைப் பார்த்து 2006-இல் எழுதியிருக்கிறார். ஆனால் வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, விரதமும் இருந்து, ஈரக் கொண்டையோடு வெயிலில் நின்றால் எது காரணம் என்று எப்படித் தெரியும்? இரண்டு வாரம் வெள்ளிக்கிழமை சாப்பிட்டுவிட்டுத் தலைக்குக் குளிக்கட்டும். அடுத்த இரண்டு வாரம் வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிக்காமல் விரதம் மட்டும். காலண்டரே சொல்லிவிடும்.

காவேரிப்பட்டணம், மருந்துக்கடை:
இடி விழுந்தாற்போல ஒரே நொடியில் உச்சத்துக்குப் போகிற வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, ஒரு பக்கம் கை கால் தொய்வு, ஐம்பது வயதுக்கு மேல் முதல்முறையாக வரும் வலி, இதற்கெல்லாம் எங்கள் கடையில் மாத்திரை கேட்காதீங்க. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 108-ஐ கூப்பிடுங்க.