சண்டைக் காட்சியும் ஐந்து வயதுப் பையனும்: தொலைக்காட்சியை நிறுத்திவிடலாமா?

கேள்வி – திருப்பூர்த் தாய்

நானும் கணவரும் பனியன் கம்பெனியில் வேலை செய்வதால், ஐந்து வயது மகன் பள்ளி விட்டதும் அம்மிச்சி (என் அம்மா) வீட்டில்தான் இருக்கிறான். அங்கே இரவு வரை தொலைக்காட்சி ஓடுகிறது. சென்ற வாரம் மாமன் மகளைத் திண்ணையிலிருந்து தள்ளிவிட்டு, அவள் அழுவதைத் திரும்பியும் பாராமல், சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, வாயாலேயே பின்னணி இசை போட்டபடி மெதுவாக நடந்து போனான். இதற்குத் தொலைக்காட்சிதான் காரணமா? அடியோடு நிறுத்தச் சொல்வதென்றால், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

பதில் – கோபி ஓய்வாசிரியர்

அம்மணி, அந்த நடையைத்தான் கவனிக்க வேண்டும். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா குழுவினர் 1961இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள் தாங்களும் அவ்வாறே அடித்தார்கள். 1965இல் அவர் வெளியிட்ட ஆய்வில் அதே அடியைப் படமாக்கி, முடிவை மட்டும் மாற்றினார்: ஒன்றில் அடித்தவருக்குப் பாராட்டு, ஒன்றில் தண்டனை, ஒன்றில் எதுவுமில்லை. தண்டனையைப் பார்த்த பிள்ளைகள் குறைவாகவே அடித்தார்கள்; ஆனால் செய்து காட்டினால் பரிசு உண்டு என்றதும், மற்றவர்களுக்கு இணையாக அவர்களும் செய்து காட்டினார்கள். கண்ணால் பார்த்த அடி, மனத்தில் தங்கிவிடுகிறது. அதை வெளியே எடுக்கத் துணிவு தருவது பாராட்டு. நம் படங்களில் அடிப்பவர் நாயகன். அடித்து முடித்ததும் இசை முழங்கும். தங்கள் மகன் அந்த மரியாதையையும் சேர்த்தே நடித்திருக்கிறான்.

பதில் – பெருந்துறையான்

அடி வாங்குவதற்கென்றே செய்த பொம்மையை அடித்ததை வைத்துப் பிள்ளைகளை எடை போடலாமா? எங்கள் பக்கம் உடுக்கை அடித்து, பொன்னர், சங்கர் என்ற வீரச் சகோதரர்களின் அண்ணன்மார் கதையை விடிய விடியப் பாடுவார்கள். வெட்டும் குத்தும் அதில் குறைவா? கேட்டு வளர்ந்த நாங்கள் யாரும் அரிவாளைத் தூக்கவில்லை.

பதில் – கோபி ஓய்வாசிரியர்

பொம்மை பற்றிய ஐயம் நியாயமானதே. ஆய்வாளர்கள் சிலரும் அதை எழுப்பியிருக்கிறார்கள். ஆனால் நியூயார்க் மாநிலத்தின் கொலம்பியா கவுண்டியில் 1960இல் எட்டு வயதில் ஆராயப்பட்ட பிள்ளைகளைப் பத்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது, சிறுவயதில் வன்முறை நிகழ்ச்சிகளை விரும்பிய பையன்களிடம் முரட்டுத்தனம் கூடுதலாக இருந்தது. பெண் பிள்ளைகளிடம் அப்படித் தெரியவில்லை. தொலைக்காட்சி ஒன்றே காரணம் என்று நானும் சொல்லமாட்டேன். அண்ணன்மார் கதையில் பொன்னரும் சங்கரும் மாண்டபின் அவர்கள் தங்கை தங்காள், அவர்கள் விழுந்து கிடக்கும் படுகளத்தில் அழுவாள், கேட்கும் ஊரே கண்கலங்கும். படத்தில் பறந்து விழும் அடியாளுக்காக யார் அழுகிறார்கள்?

பதில் – பவானிக்காரி

இரண்டு முதல் ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை. அதற்காக உங்கள் அம்மாவிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவர் சீரியல் பார்க்கும்போது பையன் வாசலில் சைக்கிள் ஓட்டட்டும் (சீரியலில் விழும் அறைகளும் சாதாரணமானவை அல்ல). சேர்ந்து பார்க்க நேர்ந்தால், "விழுந்தவனுக்கு எங்கே சாமி வலிக்கும்?" என்று அம்மிச்சியே கேட்கட்டும், அவர் கேட்டால்தான் அவன் பதில் சொல்வான். செட்டாப் பாக்ஸில் சேனலைப் பூட்டும் வசதி இருந்தால், சினிமாச் சேனல்களை மட்டும் பூட்டிவிட்டு, ரகசிய எண்ணை அம்மாவிடமே கொடுத்துவிடுங்கள்.