புதுப்பிப்பு: கருப்பனும் குப்பைக்கூடையும், 6 வாரம் கழித்து

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: எங்கள் 2 வயது நாட்டு நாய் கருப்பன் மேடையில் ஆறவைத்த இட்லியைத் தூக்குகிறான், ராத்திரியில் குப்பைக்கூடையைக் கவிழ்த்து மீன்முள் தேடுகிறான் என்று.

மூடி போட்ட கூடை வாங்கினேன். இரண்டே நாளில் மூக்கால் நெம்பித் திறந்துவிட்டான். இப்போது கூடை சிங்க்குக்குக் கீழே, கதவுக்குக் குழந்தைகள் திறக்காதபடி மாட்டும் பூட்டு. கோழி எலும்பு மட்டும் அன்றன்றே வெளியே போய்விடும். வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். திராட்சை, வெங்காயம், சாக்லேட்டும் எட்டாத உயரத்தில்.

திட்டுவதை நிறுத்தியதுதான் எனக்குக் கஷ்டம். காலையில் கவிழ்ந்த கூடையைக் காட்டிக் கத்தினால் எதற்கென்றே அவனுக்குப் புரியாது. காதை மடக்கிக்கொண்டு நிற்பது குற்ற உணர்ச்சி இல்லை, என் குரலுக்குப் பயம். அதற்குப் பதில் 'விடு' பழக்கினோம். மூடிய கையில் பிஸ்கட். அவன் முகர்வதை விட்டு விலகிய நொடியில் மற்ற கையிலிருந்து அவித்த கோழித்துண்டு. தினம் 5 நிமிடம், அவ்வளவுதான்.

அப்புறம் அம்மா. "பாவம்டா, பார்க்கிறான் பாரு" என்று தோசை ஓரத்தைக் கிள்ளிப் போடுவார். பத்துத் தடவை மறுத்து ஒரு தடவை போட்டாலும் அவன் நம்பிக்கையை விடமாட்டான். இப்போது அந்தத் துண்டு அவன் தட்டில் மட்டும். சரி, சமரசம்.

நேற்று மேடையில் அப்பளம் இருந்தது. அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், போய்ப் படுத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு. அன்றைக்குத்தான் பரீட்சை.