பொண்ணு பார்க்கப் போய் பம்பு அடித்தேன் – உங்கள் கதை என்ன?

தண்டையார்பேட்டை தம்பி
ஒன்பது வருஷம் ஆகிறது, இன்னும் மனசை அரிக்கிறது. ஓ.எம்.ஆரில் வேலை கிடைத்த நாளிலிருந்தே "நம்ம ஏரியா பொண்ணு வேணாம்" என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். அம்மா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுவண்ணாரப்பேட்டைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். கேசரி, பஜ்ஜி, எல்லாம் வழக்கம்தான். "பசங்க ரெண்டு நிமிஷம் தனியா பேசட்டும்" என்று பின்பக்கம் அனுப்பினார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் தெருவில் யாரோ "தண்ணி வந்துடுச்சு" என்று கத்த, அந்தப் பெண் பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு பச்சைக் குடத்தை அடி பம்புக்குக் கீழே தள்ளினாள். நான் யோசிக்கவே இல்லை. கைப்பிடியைப் பிடித்து அடிக்க ஆரம்பித்துவிட்டேன். நாலு குடம். ஐந்தாவது நிரம்பும்போது, "உங்க தெருவுல எத்தனை மணிக்கு வரும்?" என்றாள். "விடியக்காலைல அஞ்சரை" என்றேன். அன்று சாயங்காலமே சரி சொல்லிவிட்டேன்.

நான் கட்டிக்கொண்டது அவளையா, பம்பையா? இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா?

பெரம்பூர் பழசு
எங்கள் வீட்டில் பம்புக்குப் பதில் மில்லு. அப்பாவும் அம்மாவைப் பெற்ற தாத்தாவும் பின்னி மில்லில் ஒரே ஷிப்ட். சங்கு ஊதி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போது தாத்தா, "எம் பொண்ணைத்தான் உனக்குத் தெரியுமே" என்றாராம். அவ்வளவுதான் பெண் பார்த்தது. தாத்தாவுக்குச் சாப்பாட்டுக் கூடை கொண்டுவந்த பெண்ணை அப்பா மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டுதானே இருந்தார். 1996இல் மில்லை மூடினார்கள். அந்தச் சங்கு ஊதும் நேரத்துக்கு இருவரும் ஒரே சமயத்தில் கடிகாரத்தைப் பார்ப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

தம்பி, இதில் அதிசயமே இல்லை. ஜேம்ஸ் போசார்ட் என்ற அமெரிக்கர் ஃபிலடெல்பியாவில் 1931இல் வழங்கிய 5,000 திருமண உரிமங்களை எடுத்து, மாப்பிள்ளை வீடு எங்கே, பெண் வீடு எங்கே என்று பார்த்தார். மூன்றில் ஒரு ஜோடி ஐந்து பிளாக், அதாவது நாலைந்து தெரு தூரத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது. கண்ணில் படுகிறவர்களில் ஒருவரைத்தானே கட்டிக்கொள்ள முடியும்?

ராயபுரம்காரி
பம்பு, மில்லு, சைக்கிள் எல்லாம் சரி. தம்பி, உங்களை அந்தப் பின்பக்கத்துக்கு அனுப்பும் முன் தரகர் நோட்டில் முதல் வரி என்ன எழுதியிருந்தது? அதைச் சொல்லாமல் விட்டீர்களே! இந்திய மனித மேம்பாட்டு ஆய்வின் 2011-12 கணக்கில் ஜாதி மாறிக் கட்டிக்கொண்டவர்கள் சுமார் 5 சதவீதம்தான். ஐந்து பிளாக்குக்குள் எல்லா ஜாதியும் இருந்தாலும் அந்த நோட்டில் இருக்காது, பெரம்பூர் அண்ணா.

நாங்கள் ஜாதி, மதம் இரண்டையும் தாண்டியவர்கள். எங்கள் கல்யாணத்துக்கு யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று பதிவு அலுவலகத்தில் முப்பது நாள் அறிவிப்பு ஒட்டினார்கள். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால், கை நிறையக் காய்கறிப் பையோடு ஒரு அம்மா எங்கள் பேரை விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்து, "யாரு பெத்த பொண்ணோ" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அந்த விரல் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

பெரிய புரட்சி செய்துவிட்டதாக நினைத்தேன். அப்புறம் மாமியார் ஒருநாள் சொன்னார்: "ரெண்டும் ஒரே இன்ஜினியரிங், ரெண்டு வீட்லயும் முதல்ல படிச்சது இதுங்கதான், லோனும் ஒரே பேங்குல. இதுல என்னடி வித்தியாசம்?" பதில் வரவில்லை எனக்கு.

சிவப்புக் காய்
என் கதை சின்னது. வியாசர்பாடி, கேரம் போர்டு, எதிரில் உட்கார்ந்தவளையே கட்டிக்கொண்டேன். இன்றுவரை சிவப்பை எனக்கு விட்டதில்லை.

ராயபுரம் அக்காவுக்கு ஒன்று சொல்லணும். முப்பது நாள் எதற்குக் காத்திருந்தீர்கள்? இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு இருக்கிறதே, 1967இல் அண்ணா ஆட்சியில் கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணத் திருத்தம். ஐயர் வேண்டாம், அறிவிப்பு வேண்டாம். சொந்தக்காரரோ நண்பரோ முன்னால் நிற்க, புரிகிற மொழியில் ஒருவரை ஒருவர் ஏற்கிறோம் என்று சொல்லி மாலை மாற்றினால் போதும், மோதிரம் போட்டாலும் சரி, தாலி கட்டினாலும் சரி. அப்புறம் பதிவு செய்துகொள்ளலாம். போட்டோ எடுத்து வையுங்கள், சாட்சிகளின் ஆதார் நகல் வாங்கி வையுங்கள். இன்னொன்று, மாமியார் சொன்னது ஆராய்ச்சியிலும் இருக்கிறது. 2023இல் கொலராடோ பல்கலைக்கழகத்தார் நூறு வருஷத்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். புருஷன் பெண்டாட்டிக்குள் அதிகம் ஒத்துப்போவது படிப்பும், அரசியல், மதம் பற்றிய எண்ணமும்தான். ஒருவர் வாயாடி என்பதால் மற்றவரும் வாயாடியாக இருப்பார் என்று சொல்ல முடியாதாம். தம்பிக்கும் ஒரு யோசனை: அரை எச்.பி. மோட்டார் போடுங்கள், ஃபுட் வால்வு நல்லதாகப் பார்த்து வாங்குங்கள்.

ராயபுரம்காரி
என் வீட்டுக்காரர் கிறிஸ்தவர், சிவப்புக் காய் அண்ணா. 7ஏ இரண்டு இந்துக்களுக்குத்தான். உங்கள் யோசனையை நான் கேட்கவும் இல்லை.

அத்தோ பேத்தி
சண்டை போடாதீங்க. 1960களில் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தவர்கள் நாங்கள். தாத்தா, பாட்டி இரண்டு பேரும் அங்கே பிறந்தவர்கள், கல்யாணம் மட்டும் இங்கே நடந்தது. இங்கிருந்த சொந்தத்தில் வேறு வரன் வந்தும் பாட்டி மறுத்துவிட்டாராம். ஏன் என்று கேட்டதற்கு, "அவனுங்களுக்கு அத்தோ சாப்பிடத் தெரியாது" என்றார். அத்தோ என்பது பர்மிய நூடுல்ஸ். வீட்டில் சண்டை வந்தால், பிள்ளைகளுக்குப் புரியக்கூடாது என்று பர்மிய மொழிக்கு மாறிவிடுவார்கள். தாத்தா போய் ஏழாம் நாள், கீழே விழுந்த ஈயச் சட்டியைப் பார்த்து பாட்டி பர்மியத்தில் ஏதோ திட்டினார். திட்டிவிட்டு, பதில் வருமா என்று கூடத்துப் பக்கம் திரும்பினார்.

தண்டையார்பேட்டை தம்பி
எல்லாவற்றையும் வீட்டில் படித்துக் காட்டினேன். ராயபுரம் அக்கா, நோட்டு விஷயம் உண்மைதான், மறைக்கவில்லை, தோன்றவே இல்லை. பம்பைப் பற்றி அவள் சொல்வதோ வேறு: "அடிக்கத் தெரியாம அடிச்சீங்க, பாதி தண்ணி தரையில ஊத்துச்சு. ஷூவெல்லாம் நனைஞ்சும் நிறுத்தல. பாவமா இருந்துச்சு, அதான் சரின்னேன்."