பைத்தான் மாட்யூல்: இம்போர்ட் எங்கே சறுக்குகிறது? – அனுபவப் பகிர்வு

முதல் பதிவு
பைத்தானில் நாம் எழுதும் ஒவ்வொரு ஃபைலும் ஒரு மாட்யூல்தான். ஒரு ஃபைலில் உள்ளதை இன்னொரு ஃபைலில் பயன்படுத்தக் கொண்டுவருவதுதான் இம்போர்ட். அது அந்த ஃபைலின் வரிகளை இங்கே ஒட்டுவது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள், பாதிச் சிக்கல் அங்கேதான் பிறக்கிறது. முதல் இம்போர்ட்டில் அந்த ஃபைல் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை ஓடும். உருவான மாட்யூல் சிஸ்.மாட்யூல்ஸ் என்ற டிக்‌ஷனரியில் பதிவாகிவிடும். பிறகு பத்து ஃபைல்கள் கேட்டாலும் அதே மாட்யூல்தான் கிடைக்கும், திரும்ப ஓடாது. ஆகவே டேட்டாபேஸ் கனெக்‌ஷனை மாட்யூலின் மேல்மட்டத்தில் திறக்காதீர்கள், ஃபங்ஷனுக்குள் வையுங்கள். இல்லாவிட்டால் டெஸ்ட்டுக்காக இம்போர்ட் செய்தாலே நிஜ டேட்டாபேஸைத் தொட்டுவிடும்.

மறுமொழி 1
புதியவர்கள் அடிக்கடி மாட்டுவது பெயரில். பழகிப்பார்க்க எழுதிய ஃபைலுக்கு ரேண்டம் என்றே பெயர் வைப்பார்கள். ஸ்கிரிப்டை நேரடியாக ஓட்டும்போது அது இருக்கும் ஃபோல்டர்தான் சிஸ்.பாத்தில், அதாவது பைத்தான் மாட்யூல்களைத் தேடும் இடங்களின் பட்டியலில், முதலில் நிற்கும். அதனால் பைத்தானோடு வரும் ஸ்டாண்டர்டு லைப்ரரியின் ரேண்டமுக்குப் பதிலாக உங்கள் ஃபைலே வந்து நிற்கும், அதிலுள்ள ராண்ட்இன்ட் ஃபங்ஷனைக் கூப்பிட்டால் அப்படி ஒன்று இல்லை என்று எரர் வரும். சந்தேகம் வந்தால் அந்த மாட்யூலின் டண்டர் ஃபைல் (__file__) மதிப்பைப் பிரின்ட் செய்யுங்கள், எந்தப் பாத்திலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். 3.13 பதிப்பில் எரர் மெசேஜே பெயரை மாற்றச் சொல்கிறது.

மறுமொழி 2
இரண்டு மாட்யூல்கள் ஒன்றையொன்று இம்போர்ட் செய்யும் சர்க்குலர் இம்போர்ட்டைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆர்டர்ஸ், கஸ்டமர்ஸ் என்று இரண்டு மாட்யூல்கள், மெயின் ஃபைல் ஆர்டர்ஸைக் கூப்பிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர்ஸின் முதல் வரி, கஸ்டமர்ஸிலிருந்து கஸ்டமர் கிளாஸைக் கேட்கிறது. உடனே கஸ்டமர்ஸ் ஓடத் தொடங்குகிறது. அதன் முதல் வரி, ஆர்டர்ஸிலிருந்து ஆர்டர் கிளாஸைக் கேட்கிறது. ஆர்டர்ஸ் ஏற்கெனவே சிஸ்.மாட்யூல்ஸில் இருக்கிறது, ஆனால் முதல் வரியைக்கூடத் தாண்டவில்லை. ஆர்டர் கிளாஸ் இன்னும் பிறக்கவே இல்லை. ‘பார்ஷியலி இனிஷியலைஸ்டு மாட்யூல்’ என்று எரர் சொல்வது இந்த அரைகுறை நிலையைத்தான்.

இம்போர்ட்டை ஃபங்ஷனுக்குள் தள்ளினால் எரர் போய்விடும், ஆனால் அது முதலுதவி மட்டுமே. இரண்டுக்கும் பொதுவானதை மூன்றாவது மாட்யூலுக்கு மாற்றுவதுதான் சரியான வைத்தியம். டைப் ஹின்ட்டுக்காக (ஒரு மதிப்பு எந்த வகை என்று எழுதிவைக்கும் குறிப்புக்காக) மட்டும் தேவைப்பட்டால், டைப்பிங் மாட்யூலில் உள்ள டைப் செக்கிங் (TYPE_CHECKING) நிபந்தனைக்குள் அந்த இம்போர்ட்டைப் போட்டு, ஹின்ட்டை மேற்கோள் குறிக்குள் எழுதினால் போதும்.

மறுமொழி 3
மேலே விட்டுப்போன ஒன்று. அமைப்புகளை வைத்திருக்கும் கான்ஃபிக் மாட்யூலிலிருந்து டீபக் (DEBUG) என்ற பெயரை ‘ஃப்ரம்’ போட்டு எடுத்தால், அந்த நிமிடத்து மதிப்புக்கு உங்கள் மாட்யூலில் தனியாக ஒரு பெயர் உண்டாகிறது. பிறகு யாராவது கான்ஃபிக்கில் டீபக்கை மாற்றினாலும் உங்களிடம் பழையதுதான் இருக்கும். மாறக்கூடிய மதிப்பு என்றால் முழு மாட்யூலையும் இம்போர்ட் செய்து, ஒவ்வொரு முறையும் கான்ஃபிக்.டீபக் என்றே எழுதுங்கள். டெஸ்ட்டில் பேட்ச் செய்தது (நிஜமானதற்குப் பதில் தற்காலிகமாகப் போலி ஒன்றை வைத்தது) பலிக்காமல் போவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். பெயர் எங்கே பயன்படுகிறதோ அந்த மாட்யூலில் பேட்ச் செய்ய வேண்டும்.

மறுமொழி 4
எரர் வராமலேயே கெட்டுப்போகும் மாட்யூல்களும் உண்டு. படி, அலசு, அச்சிடு என்று வேலையின் வரிசைப்படி ஃபைல்களைப் பிரிப்பது நம் எல்லாருக்கும் வரும் பழக்கம். கணினி அறிவியலாளர் டேவிட் பார்னாஸ் 1972 கட்டுரையில் ஒரே புரோகிராமை இரண்டு விதமாகப் பிரித்துக் காட்டினார். வரிசைப்படி பிரித்ததில், உள்ளீடாக வந்த வரிகளை மெமரியில் வைக்கும் முறையை மாற்றினால் ஏறக்குறைய எல்லா மாட்யூல்களையும் தொட வேண்டியிருந்தது. மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒரு மாட்யூலுக்குள் மறைத்துப் பிரித்ததில், அதே மாற்றம் ஒரே மாட்யூலோடு நின்றது.

ஆர்டர்ஸ், கஸ்டமர்ஸ் உதாரணத்திலும் இதைச் சோதிக்கலாம். நாளைக்கு டேட்டாபேஸை மாற்றினால் எத்தனை ஃபைல்களைத் திறக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். டேட்டாபேஸைக் கேட்கும் எஸ்க்யூஎல் (SQL) வரிகள் இரண்டிலும் சிதறிக் கிடந்தால், பிரிக்கும் கோடு தவறான இடத்தில் விழுந்திருக்கிறது.