தேத்தண்ணி கூரையில் ஒட்டிய கதை

வெள்ளவத்தை அக்கா:
போன தை மாதம் லண்டனிலிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு கட்டுநாயக்கவுக்கு வந்துகொண்டிருந்தேன். பாதி வழி தாண்டியிருக்கும். யன்னலுக்கு வெளியே ஒரு முகில் துண்டுகூட இல்லை, பெல்ட் விளக்கும் அணைந்திருந்தது. வயிற்றை அழுத்துகிறது என்று அம்மா பெல்ட்டைக் கழற்றிவிட்டுத் தேத்தண்ணியைக் கையில் எடுத்தார்.

அவ்வளவுதான். காலுக்குக் கீழே தளமே இல்லாதது போல் ஆகிவிட்டது. தேத்தண்ணி கூரையில். அம்மா ஒரு சாண் எழும்ப, நான் எட்டிப் பிடித்தது அவருடைய சேலைத் தலைப்பைத்தான். பணிப்பெண் நடுவழியிலேயே குந்தி, இருக்கைக் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பத்து வினாடி இருக்குமோ என்னவோ. கைப்பிடியில் இடித்து அம்மாவின் விலா கன்றிப்போனது. அவருக்கோ சேலையில் கறை பட்டதுதான் பெரிய கவலை.

ராடரில் ஒன்றும் தெரியவில்லை என்று விமானி பிறகு அறிவித்தார். எனக்கு அது சாட்டுப் போலத்தான் பட்டது.

கொட்டாஞ்சேனைத் தம்பி:
சாட்டு இல்லை அக்கா. விமான ராடர் பிடிப்பது மழைத்துளியை. வெறுங்காற்றில் எதைப் பிடிக்கும்? அந்த உயரத்தில் ஜெட் காற்று என்கிற வேகமான காற்றோட்டம் ஆறு மாதிரி ஓடுகிறது. வேகக் காற்றும் மெதுவான காற்றும் உரசுகிற கரையோரத்தில்தான் இந்தச் சுழிப்பு. பெரும்பாலும் முன்னால் போன விமானம் சொன்னால்தான் பின்னால் வருபவருக்குத் தெரியும். 1997 டிசம்பரில் டோக்கியோவிலிருந்து ஹொனலுலு போன யுனைடெட் விமானத்தில் இப்படித்தான் ஒரு பயணி இறந்தார். பெல்ட் போட்டிருக்கவில்லை.

2024 மே மாதம் நடுவானில் பயங்கரமாகக் குலுங்கிய சிங்கப்பூர் எயார்லைன்ஸ் விமானத்தையும் எல்லோரும் இந்த வெறுங்காற்றுச் சுழிப்பில் சேர்க்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. வளர்ந்துகொண்டிருந்த மழைமுகில்களுக்கு மேலால் பறந்திருக்கலாம் என்றுதான் முதற்கட்ட விசாரணை சொன்னது. ஆனால் 4.6 வினாடியில் 178 அடி இறங்கும்போது, பெல்ட் போடாதவருக்கு முகில் என்ன, வெறுங்காற்று என்ன!

தெஹிவளை:
எனக்கு நடந்தது விமானக் கழிப்பறைக்குள். விவரம் வேண்டாம். கைப்பிடி எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

வெள்ளவத்தை அக்கா:
அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இனிப் பெல்ட்டைக் கழற்ற மாட்டாராம். தேத்தண்ணியும் அரைக் கோப்பை போதுமாம்.