உப்பைத் திரும்ப எடுக்க முடிகிறதே, அப்புறம் எப்படி ஒன்று?

கேள்வி (சிம்மக்கல் இட்லிக்கடை):
போன வாரம் கோயில் பக்கம் ஒரு சொற்பொழிவு. சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் தன் மகன் சுவேதகேதுவை உப்பைத் தண்ணீரில் போட்டுவைக்கச் சொல்கிறார். காலையில் 'அந்த உப்பை எடுத்து வா' என்றால் காணோம். மேலே, நடுவே, அடியில் எங்கே குடித்தாலும் கரிக்கிறது. எல்லாவற்றுக்கும் மூலமான பிரம்மமும் அப்படித்தான், 'நீயே அது' என்கிறார். எல்லாரும் தலையாட்டினார்கள், எனக்கு ஒட்டவில்லை. உப்புத்தண்ணீர் வைத்த குண்டானை அடுப்பிலேயே மறந்துவிட்டால், வற்றி ஓரமெல்லாம் உப்புப் பூத்து நிற்கும். அப்படியென்றால் உப்பும் தண்ணீரும் ரெண்டுதானே, நானும் பிரம்மமும் எப்படி ஒன்று? (நாலு தலை பிரம்மாவைச் சொல்லவில்லை என்பது வரைக்கும் புரிந்தது.)

பதில் 1 (வில்லாபுரம்):
அண்ணே, அங்கே பேச்சு கண்ணுக்கு அகப்படாதது நாக்குக்கு அகப்படுகிறது என்பதுதான். ஒன்று என்பதற்கு அதே அத்தியாயத்தில் மண் உவமை இருக்கிறது. குடம், சட்டி எல்லாம் பேர். மெய் மண் மட்டும். உயிரும் பிரம்மமும் ஒன்றே என்ற அத்வைதத்தைச் சொன்ன சங்கரர் நிற்பது அங்கே. மானாமதுரைச் சட்டியை எவ்வளவு காய்ச்சினாலும் மண் தனி, சட்டி தனி என்று வராது.

பதில் 2 (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருமங்கலம்):
தம்பி, நீங்கள் கேட்டதைத்தான் சைவ சித்தாந்தமும் கேட்கிறது. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றுக்குமே தொடக்கம் கிடையாது. உயிர் சிவமாகிவிடாது; ஆனால் பிரித்தும் வைக்க முடியாது. உமாபதி சிவம், குறள் வெண்பாவில் எழுதிய சித்தாந்த நூலான திருவருட்பயனில் இதற்கு இலக்கணத்தையே உவமையாக்கினார்: தாள், தலை சேர்ந்தால் தாடலை. ளகரமும் தகரமும் போய் டகரம் வந்தது. கேட்க ஒரே சொல், உள்ளே இரண்டும் இருக்கின்றன. அவன் தாள், நம் தலை என்றும் பொருந்துகிறது பாருங்கள். புணர்ச்சி விதி நடத்தும்போதெல்லாம் இதைச் சொல்வேன். பரீட்சைக்கு வராது என்று ஒரு பையனும் எழுதிக்கொண்டதில்லை. அந்தக் குறளில் 'கூடல்' என்றும் வரும். நம் மதுரையின் பழைய பேர் என்று எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

பதில் 3 (அழகர்கோவில் ரோடு):
ராமானுஜரை விட்டுவிட்டீர்களே! உயிர்களும் உலகமும் உடம்பு, நாராயணன் அதற்குள் ஆத்மா. ஒன்றுதான், ஆனால் உள்ளுக்குள் வேற்றுமை உண்டு. இதைச் சொல்லாமல் போனால் எனக்கு வீட்டில் சோறு கிடைக்காது.

கேட்டவர்:
தாடலை நன்றாகப் பிடித்துக்கொண்டது ஐயா. வில்லாபுரம் தம்பி, சட்டிதான் இடிக்கிறது. சட்டியில் குழம்பு வைக்கலாம், மண்ணில் வைக்க முடியுமா? பேர் மட்டும்தான் வித்தியாசமா? யோசித்து வையுங்கள். காலையில் நாலரைக்கு அடுப்புப் பற்றவைக்கணும், நாளைக்கு வருகிறேன்.