சூழல்மண்டல மாதிரியை வைத்து மீன்பிடி அளவை உண்மையிலேயே எங்காவது முடிவு செய்கிறார்களா?

கேள்வி (மீன்வள மாணவி):
முதுகலைப் படிப்பில் ஈக்கோபாத் என்ற சூழல்மண்டல மாதிரியைப் பயின்று வருகிறேன். ஒவ்வொரு உயிரினக் குழுவின் உயிர்த்திரள் (மொத்த எடை), உற்பத்தி, இரை நுகர்வு ஆகியவற்றைக் கொடுத்தால், எது எதை எவ்வளவு தின்கிறது என்ற வரவுசெலவுக் கணக்கை அது சரிபார்த்துக் காட்டுகிறது. 1980களில் ஹவாய்ப் பவளத்திட்டு ஒன்றுக்காக ஜெஃப்ரி பொலோவினா இதை உருவாக்கிய பிறகு, எத்தனையோ கடற்பகுதிகளுக்கு இத்தகைய மாதிரிகள் எழுதப்பட்டுவிட்டன. ஆனால் நான் படித்த கட்டுரைகளில் பல, மேலாண்மைக்கு உதவக்கூடும் என்று சொல்லி முடிந்துவிடுகின்றன. இதைக் கொண்டு இத்தனை டன்தான் பிடிக்கலாம் என்று ஓர் ஆணையம் முடிவெடுத்தது உண்டா?

மறுமொழி (நெய்தல்):
உண்டு. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் மென்ஹேடன் என்றொரு மீன் இருக்கிறது. சாளையைப் போலக் கூட்டமாகத் திரியும் இதைப் பெரும்பாலும் யாரும் சமைத்து உண்பதில்லை. மீன்தூளுக்கும் எண்ணெய்க்கும் தூண்டில் இரைக்குமே பிடிக்கிறார்கள். அந்த இனத்தை மட்டும் தனியாகக் கணக்கிட்டபோது அதன் இருப்பு நல்ல நிலையில்தான் இருந்தது. அதைத் தின்று வாழும் ஸ்ட்ரைப்டு பாஸ் போன்ற மீன்களுக்கு அது போதுமா என்பதே விவாதம். 2020 ஆகஸ்டில் அட்லாண்டிக் மாநிலங்களின் கடல் மீன்வள ஆணையம், ஈக்கோபாத்தும் அதன் காலவோட்ட வடிவமான ஈக்கோசிமும் சேர்ந்த ஒரு மாதிரியிலிருந்து புதிய வரையறையை ஏற்றது: ஸ்ட்ரைப்டு பாஸை அதற்குரிய இலக்கு அளவில் பிடித்துவரும்போது, அதன் இருப்பும் இலக்கில் நிலைக்க இடம் தரும் அதிகபட்ச மென்ஹேடன் பிடிப்பே இலக்கு. அதையொட்டி 2021, 2022 ஆண்டுகளுக்கான உச்சவரம்பு 2,16,000 டன்னிலிருந்து 1,94,400 டன்னாகக் குறைக்கப்பட்டது.

ஒன்றைக் கவனியுங்கள். கடலில் மென்ஹேடன் எவ்வளவு இருக்கிறது என்பதை இன்றும் பழைய தனியினக் கணக்கீடுதான் சொல்கிறது. மற்ற மீன்களுக்காக எவ்வளவு விட்டுவைக்க வேண்டும் என்பது மட்டுமே சூழல் மாதிரியின் வேலை.

மறுமொழி (வலைஞன்):
நெய்தல் தந்த வரையறையிலேயே சிக்கலும் இருக்கிறது. ஸ்ட்ரைப்டு பாஸை அளவோடு பிடித்தால் என்ற நிபந்தனை அதற்குள் அடங்கியுள்ளது. ஆனால் அந்த மீனே அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுவிட்டதாக 2019இல் வெளியான மதிப்பீடு கூறியிருந்தது. இரையை விட்டுவைத்தால் மட்டும் அது மீளாது. மேலும், எந்த வேட்டை மீனுக்காக, எவ்வளவு என்ற தேர்வை மாதிரி செய்வதில்லை. அது ஆணையத்தின் தேர்வு. எண்களுக்குப் பின்னால் அது மறைந்துவிடக் கூடாது.

மாணவிக்கு ஒரு யோசனை: ஈக்கோசிமில் இரை எவ்வளவு எளிதில் வேட்டை மீனின் வாய்க்கு எட்டுகிறது என்பதைக் குறிக்கும் அளவுருவைச் சற்றே மாற்றிப் பாருங்கள். பழைய தரவுகளோடு ஏறக்குறைய ஒரே மாதிரி பொருந்தும் இரண்டு கணினி ஓட்டங்கள், எதிர்காலத்தைப் பற்றி வேறு வேறு விடை தரக்கூடும்.

மறுமொழி (வடகடல்):
முழுச் சூழல்மண்டலத்தையும் மாதிரிக்குள் அடைக்க வேண்டும் என்பதில்லை. பாரன்ட்ஸ் கடலில் நார்வேயும் ரஷ்யாவும் கேப்பலின் மீனுக்கு அளவு நிர்ணயிக்கும்போது, அதைத் தின்னும் காட் மீனை மட்டுமே முதன்மையாகக் கணக்கில் சேர்க்கின்றன. இலையுதிர் காலத்தில் எதிரொலிக் கருவியால் கேப்பலின் இருப்பை அளக்கிறார்கள். முட்டையிடும் பருவத்துக்குள் காட் எவ்வளவு தின்னும் என்பதை, காட் மீன்களின் இரைப்பையைக் கிழித்து, உள்ளிருப்பதை இனம் பிரித்து எடைபோட்டுச் சேர்த்த தரவுகளிலிருந்து கணிக்கிறார்கள். அதன் பிறகும் குறைந்தது 2,00,000 டன் சினை மீன் எஞ்சுவதற்கு 95 சதவீத வாய்ப்பு இருந்தால்தான் மீன்பிடிப்பு. 2019 முதல் 2021 வரை விடை பூச்சியமாகவே வந்தது.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் 1980களில் பட்ட பாடு. அப்போது கேப்பலின் இருப்பு சரிந்ததும் காட் மெலிந்து தன் குஞ்சுகளையே தின்றது. இரை தேடி நார்வேக் கரைக்கு வந்த சீல்கள் மீனவர் வலைகளில் சிக்கி மாண்டன.